விசைத்தறி ஊரில் எந்த சால்டரிங் அயர்ன் வாங்குவது?

பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் புதிதாக எலெக்ட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, எத்தனை வாட் அயர்ன் வாங்கட்டும்?" அயர்ன் என்றால் ஈயத்தை உருக்கி மின் பாகங்களை ஒட்டும் சால்டரிங் அயர்ன். கல்லூரிப் பையனுக்கு ஆர்டுயினோ என்ற சிறு கணினி போர்டில் ஊசி வரிசை பற்றவைக்க வேண்டும். தறி ஓட்டும் ஒருவர் அணைந்துபோன எல்இடி பல்புகளைத் தாமே திறந்து சரிசெய்யப் பார்க்கிறார். இன்னொருவருக்குப் பழைய ஆம்ப்ளிஃபயரை மீண்டும் பாட வைக்கும் ஆசை. மூவரும் வாட் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். நானோ, மின்வேலை தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, மாலை ஏழு மணிக்கு வீட்டு பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்து வரச் சொல்வேன். எந்த அயர்ன் என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மாநிலங்கள் இரண்டானாலும் பிழைப்பு ஒன்றுதான். இரு பக்கமும் விசைத்தறிகள். தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வீடுகளிலும் விளக்கு, மின்விசிறி, மோட்டார் என்று போட்டுவிட்டால், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் தெருக்களில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190, சில நாட்களில் 180 என்று இறங்கிவிடுகிறது. பள்ளி, கல்லூரி, வேலை முடிந்து வந்து நம் பிள்ளைகள் அயர்னைக் கையில் எடுப்பதும் அதே நேரத்தில்தான்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கண்ணுக்குத் தெரியும். அயர்ன் தளர்வது தெரியாது. நேரடியாக பிளக்கில் செருகும் சாதாரண அயர்னுக்குள் இருப்பது ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், அவ்வளவே. அதன் திறன் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 230 வோல்ட்டில் 25 வாட் தரும் அயர்ன் 180 வோல்ட்டில் சுமார் 15 வாட்தான் தரும். நள்ளிரவில் சுமை குறைந்து 250 வோல்ட் வந்தால் அதே அயர்ன் 29 வாட்டைத் தாண்டும். அட்டைப் பெட்டியில் 25 என்றுதான் அச்சிட்டிருக்கும். நம் மேசையில் அது மாலையில் ஒரு அயர்ன், இரவில் வேறொரு அயர்ன்.

இந்த வேறுபாடு எங்கே கடிக்கிறது என்பதை ஒரு சிறிய போர்டில் பார்க்கலாம். ஆர்டுயினோ நானோவின் ஊசிகளுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர். பெரும்பாலான கால்களில் பிட்டை, அதாவது அயர்னின் சூடான முனையை, வைத்து ஈயக்கம்பியைக் காட்டினால் ஓரிரு நொடிகளில் உருகி, காலைச் சுற்றிப் பரவி, பளபளப்பாகச் சரிந்து நிற்கும். கிரவுண்டு காலுக்கு, அதாவது மின்சுற்றின் பொது இணைப்புக் காலுக்கு, வந்ததும் கதை மாறும். அந்தக் கால் போர்டில் விரிந்திருக்கும் செப்புப் பரப்போடு இணைந்திருப்பதால், கொடுக்கிற சூட்டை எல்லாம் அந்தச் செம்பு இழுத்துக்கொள்ளும். ஈயம் பிட்டில் உருகும். காலைத் தொட்டதும் மங்கலான உருண்டையாக உறைந்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும். பாவு நூலை முறுக்கிப் பிணைக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்த கதைதான். டிவி மெக்கானிக்குகள் இதை டிரை சால்டர் என்பார்கள். இன்று வேலை செய்யும் போர்டு நாளை லேசாக அசைத்தால் நின்றுபோகும்; குறை எங்கே என்று தேடியே ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சரி, இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கலாம் என்று பத்து நொடி வைத்தால், செப்புத் தடம் போர்டிலிருந்து உரிந்து கையோடு வந்துவிடும்.

ஆக, நல்ல அயர்ன் என்பது அதிகச் சூடான அயர்ன் என்று நினைக்கக் கூடாது. பிட் குளிரும் அந்த நொடியிலேயே அதை உணர்ந்து, இழந்த சூட்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் நல்ல அயர்ன். வெள்ளீயம் 63, காரீயம் 37 என்ற விகிதத்தில் வரும் ஈயக்கம்பி 183 டிகிரி செல்சியஸிலேயே உருகும். பிட் 320 முதல் 350 டிகிரி வரை இருந்தால் வேலைக்குத் தாராளம். அந்த அளவில் நிற்கிறதா, தொட்டதும் கீழே விழுகிறதா என்பதே கேள்வி. கீழே உள்ளவற்றை இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன்.

முதலில், எல்லா எலெக்ட்ரிகல் கடையிலும் தொங்கும் 25 வாட் அயர்ன். சோல்ட்ரான் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. உதிரி பிட் சுலபமாகக் கிடைக்கும், எளிதில் கெடாது. இந்த நாட்டில் எத்தனையோ மெக்கானிக்குகள் இதைக் கொண்டே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஒயர் இணைப்பு, ஸ்பீக்கர் முனை, சிறிய ஒற்றைப் பக்க போர்டு ஆகியவற்றுக்கு இது போதும். ஆனால் இதற்குச் சூட்டை அளக்கும் கண் கிடையாது. சும்மா ஸ்டாண்டில் கிடக்கும்போது ஏறிக்கொண்டே போய் 400 டிகிரியை எட்டிப் பிட்டைக் கருக்கும். கிரவுண்டு காலில் வைத்தால் சறுக்கும். மாலை வோல்டேஜில் இந்தச் சறுக்கல் இரட்டிப்பாகிறது. இதை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கிரவுண்டு கால்களையும் தடித்த கால்களையும் காலை நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். சொல்லக் கேட்க எளிய யோசனைதான், ஆனால் நம் ஊரில் நிஜமாகவே பலன் தருகிறது.

அடுத்து, கைப்பிடியிலேயே திருகு வைத்த 60 வாட் அயர்ன். 200 முதல் 450 வரை எண்கள் போட்டு, ஒரு பையில் ஐந்து பிட்டுகளும் ஈயம் உறிஞ்சும் சக்கரும் சேர்த்து, ஆன்லைனில் மிகவும் விற்பது இதுதான். புதியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பலவற்றில் அந்தத் திருகு மின்விசிறி ரெகுலேட்டரின் வேலையை மட்டுமே செய்கிறது. பிட்டின் சூட்டை அது அளப்பதில்லை. 350 என்று திருப்பி வைத்தால் அது உண்மையில் 300 ஆகவும் இருக்கலாம், 420 ஆகவும் இருக்கலாம். மின்சாரத்தோடு சேர்ந்து அதுவும் ஆடும். உள்ளேயே சூட்டை அளக்கும் ஏற்பாடு கொண்டவையும் இதே உருவத்தில் வருகின்றன, ஆனால் வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. 25 வாட்டைவிடச் சற்று அதிக விலைக்குத் திறன் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது உண்மை. கட்டுப்பாடு கிடைக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள்.

துப்பாக்கி வடிவ அயர்ன், பாத்திரத்துக்கு ஈயம் வைக்கும் 100 வாட் அயர்ன் இரண்டையும் சிறு போர்டு பக்கமே கொண்டுவர வேண்டாம். கேஸ் அயர்ன் மின்சாரமே இல்லாத இடத்தில் ஒயர் ஒட்ட உதவும். போர்டு வேலைக்கு அதன் சூட்டை அடக்கி வைப்பது கடினம்.

இனி ஸ்டேஷன்கள், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியோடு வரும் அயர்ன்கள். ஜப்பானின் ஹாக்கோ நிறுவனம் 936 என்ற ஒரு ஸ்டேஷனை வெளியிட்டது. அது நின்றுபோய் அந்த இடத்துக்கு எஃப்எக்ஸ்-888 வரிசை வந்துவிட்டாலும், 936-ஐப் பார்த்துச் செய்த நகல்கள் உலகமெங்கும் இன்றும் விற்கின்றன. நம் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஸ்டேஷன்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். ஒரு பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருந்து 24 வோல்ட்டாகக் குறைத்துக் கைப்பிடிக்கு அனுப்பும். கைப்பிடிக்குள் பீங்கான் ஹீட்டர், அதற்குள்ளேயே சூடு அளக்கும் உணரி, மேலே தொப்பி போல மாட்டும் பிட். சூடு குறைந்தால் பெட்டி உணர்ந்து மின்சாரத்தைக் கூட்டும். 25 வாட்டிலிருந்து இதற்கு வருகிறவர்கள் முதல் மாலையிலேயே வித்தியாசத்தைக் காண்பார்கள். மின்சாரம் 180-க்கு இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் தருவதும் அதே விகிதத்தில் குறையும், சூடாக நேரம் பிடிக்கும். இருந்தாலும் வைத்த அளவைத் தேடிப் போய் நிற்கும். நேரடி அயர்னால் இது முடியாது.

இதன் குறை, ஹீட்டருக்கும் பிட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய காற்றிடைவெளி. உணரி பார்ப்பது ஹீட்டரை. வேலை செய்வது பிட். பெரிய செப்புப் பரப்பில் வைக்கும்போது பிட் குளிர்ந்துவிட்ட செய்தி ஹீட்டருக்குத் தாமதமாகத்தான் போகும். அப்போது பலர் எண்ணை 420-க்கு ஏற்றுகிறார்கள், அதனால் பிட் சீக்கிரம் கருகுகிறது. ஆனால் இதன் பிட் மலிவு, எங்கும் கிடைக்கும், மாற்றுவதும் எளிது. பல கைகள் மாறி மாறிப் பிடிக்கும் பள்ளி ஆய்வகத்துக்கு நான் இதையே சொல்வேன். பெட்டி கனமாக இருப்பதால் ஒயரை இழுத்தாலும் மேசையிலிருந்து சுலபமாக விழாது. கைப்பிடி தரையில் விழுந்தால் மட்டும் பீங்கான் உடையும். அதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

டி12 வகை ஸ்டேஷன் அந்த இடைவெளியையே ஒழித்துவிட்டது. பிட், ஹீட்டர், உணரி மூன்றும் ஒரே குழலில் சேர்ந்து வருகின்றன. உணரி பிட்டின் நுனிக்கு மிக அருகில் இருக்கிறது. ஹீட்டரின் மின்தடை 8 ஓம் அளவு. 24 வோல்ட்டில் 72 வாட் பாயும். செருகிப் பத்துப் பதினைந்து வினாடிகளில் வேலைக்குத் தயார். கிரவுண்டு காலில் வைத்ததும் திரையில் எண் லேசாகச் சரிந்து உடனே எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்; ஈயமும் மற்றக் கால்களைப் போலவே பரவும். இந்த வகையில் பல ஸ்டேஷன்களுக்குள் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர் அல்ல, 100 முதல் 240 வோல்ட் வரை எதை வாங்கினாலும் 24 வோல்ட் தரும் சுவிட்ச் மோடு பவர் சப்ளை. வெளியே தறி ஓடட்டும், மோட்டார் போடட்டும். பிட்டுக்கு அது தெரியவே தெரியாது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான குணம் ஒரு அயர்னுக்கு வேண்டியதில்லை. வாங்கும் முன் பின்பக்கத்தில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை 936 வகையைவிடக் கூடுதல். பிட் தேய்ந்தால் குழல் முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கடைசியாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது: பேனா அயர்ன். மினிவேர் நிறுவனத்தின் டிஎஸ்100, டிஎஸ்101, பைன்64 நிறுவனத்தின் பைன்சில் ஆகியவை இந்த வகை. டி12 போலவே பிட்டும் ஹீட்டரும் உணரியும் ஒன்றாக இருக்கும். கட்டுப்பாட்டுச் சில்லும் சிறு திரையும் கைப்பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். டிஎஸ்101, பைன்சில் இரண்டும் லேப்டாப்பின் யுஎஸ்பி-சி சார்ஜரிலேயே ஓடும். சிறிது நேரம் அசைக்காமல் வைத்தால் தானே சூட்டைக் குறைத்துக்கொள்ளும். பிட்டின் ஆயுளுக்கு இது பெரிய உதவி. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருத்தணியிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகும் பிள்ளை விடுதியிலும் வேலை செய்யலாம், விடுமுறையில் வீட்டிலும் செய்யலாம்.

இங்கே சார்ஜர் விஷயத்தில் கவனம் வேண்டும். இதன் திறன் முழுவதும் கிடைக்கும் வோல்டேஜைப் பொறுத்தது. 8 ஓம் பிட்டுக்கு 20 வோல்ட் கிடைத்தால் 50 வாட். 12 வோல்ட் என்றால் 18 வாட்தான். 9 வோல்ட் மட்டும் தரும் கைபேசி சார்ஜரில் 10 வாட்; அதில் ஒயர்கூட ஒழுங்காக ஒட்டாது. பெட்டியில் 65 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் கைபேசி சார்ஜர்கள் எல்லாமே 20 வோல்ட் தருவதில்லை. சில நிறுவனங்களின் அதிவேக சார்ஜிங் அவர்களது கைபேசிக்கு மட்டுமே. சார்ஜரின் முதுகில் சின்ன எழுத்தில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று பவர் டெலிவரி (PD) என்ற சார்ஜிங் முறையின் வரிசையில் இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் பேனா அயர்ன் அருமையான முதலீடு. இல்லையென்றால் சார்ஜருக்கும் தனியாகக் காசு ஒதுக்க வேண்டும். அப்போது விலை டி12 ஸ்டேஷனை எட்டிவிடும். இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: டிஎஸ்100-ம் பைன்சிலும் வட்ட முனை வழியாக 12 முதல் 24 வோல்ட் ஏற்கும், ஆகவே ஓடும். ஆனால் 18 வாட் சிறு கால்களுக்கு மட்டுமே.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. இரண்டு கால் பிளக் கொண்ட சார்ஜரின் வெளியீடு எர்த்தோடு இணையாமல் மிதக்கிறது. உள்ளே இருக்கும் சிறு கெபாசிட்டர் வழியாக மின் வோல்டேஜில் ஏறக்குறையப் பாதி, மிகச் சிறிய மின்னோட்டத்தோடு, பிட் வரை வந்து நிற்கும். லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவும்போது விரலில் வரும் சிலிர்ப்பு இதுதான். ஆளுக்கு ஆபத்தில்லை, ஆனால் மாஸ்ஃபெட் போன்ற நுட்பமான பாகங்களுக்கு நல்லதில்லை. மூன்று கால் பிளக் கொண்ட ஸ்டேஷனில் பிட் எர்த்தோடு இணைந்திருக்கும். அதற்கும் சுவரில் உண்மையான எர்த் இருக்க வேண்டுமே! பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளைக்குள் ஒயரே இருப்பதில்லை. எலெக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய முழு வோல்டேஜும் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். எந்த அயர்னாக இருந்தாலும், வேலை செய்யும் போர்டை மின்சாரத்திலிருந்து முழுவதும் கழற்றிவிட்டுத்தான் பிட்டை வைக்க வேண்டும்.

பிட்டின் வடிவம் அயர்னின் விலையைவிட முக்கியமாகிவிடும் நேரங்கள் உண்டு. பெட்டியோடு வரும் கூர் முனையைப் பார்த்ததும் நுட்பமான வேலைக்கு ஏற்றது என்று தோன்றும். உண்மையில் ஊசி நுனியால் சூடு போகாது. தொடும் பரப்பு மிகக் குறைவு. 2 முதல் 2.5 மில்லிமீட்டர் அகலமுள்ள உளி வடிவ பிட்டே என் மேசையில் எப்போதும் இருக்கும். அதன் தட்டையான பக்கம் காலையும் செப்பு வட்டத்தையும் ஒரே நேரத்தில் தழுவும். புது பிட்டை முதன்முறை சூடாக்கும்போது நுனியில் ஈயக்கம்பியைச் சுற்றி வைத்துவிடுங்கள். சூடேறும்போதே ஈயம் பரவி நுனியைக் கருகாமல் காக்கும். வேலை முடிந்து அணைக்கும்போதும் நுனியில் கொஞ்சம் ஈயம் விட்டே அணையுங்கள். வெறும் செம்பு பிட்டை அரத்தால் ராவலாம். இரும்பு முலாம் பூசிய பிட்டை ஒருபோதும் ராவக் கூடாது. முலாம் போனால் பிட் போயிற்று.

ஈயக்கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம். 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே ஈயம் பரவ உதவும் ரோசின் ஃபிளக்ஸ், 63/37 அல்லது 60/40. தகரப் பாத்திர வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட் போர்டில் படவே கூடாது; சில மாதங்களில் செப்புத் தடத்தைத் தின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் காரீயத்தைத் தடை செய்ததிலிருந்து, கடையில் வாங்கும் பொருட்களின் போர்டுகள் பெரும்பாலும் காரீயமில்லாத ஈயத்தில்தான் வருகின்றன. அதன் உருகுநிலை சுமார் 217 டிகிரியில் தொடங்குகிறது. பழைய போர்டைப் பிரித்துப் பாகம் எடுக்க 25 வாட் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள் என்று எங்கள் ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. மேலிருந்து காற்று நேராக பிட்டில் அடித்தால் சிறிய அயர்ன் குளிரும். மேசை விசிறியைப் பக்கவாட்டில் வைத்து, புகையை முகத்திலிருந்து ஜன்னல் பக்கம் தள்ளும்படி திருப்புங்கள். ரோசின் புகை தொடர்ந்து மூக்கில் ஏறினால் ஆஸ்துமாவைக் கிளப்பும். பஞ்சுத் தூசியிலேயே நாளெல்லாம் இருக்கும் நெசவு வீடுகளில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரீயம் புகையாகப் போவதில்லை, விரலில்தான் ஒட்டும். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டே சாப்பாட்டுத் தட்டில் கை வைக்க வேண்டும். குழந்தைகள் தவழும் தரையில் ஈயத்துளி சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் இவை. கல்லூரிப் பையனிடம் ஏற்கெனவே 20 வோல்ட் தரும் லேப்டாப் சார்ஜர் இருந்தது. பேனா அயர்ன் வாங்கச் சொன்னேன். எல்இடி பல்பு திறக்கும் தறிக்காரருக்கு வீட்டில் ஓரமாக நிரந்தரமாக ஒரு மேசை இருக்கிறது, வேலையும் மாலையில்தான், அவருக்கு டி12. பல்புக்குள் இருக்கும் அலுமினியப் பலகை சூட்டை உறிஞ்சித் தீர்க்கும், அங்கே பலவீனமான அயர்ன் கையைப் பிசைய வைக்கும். ஆம்ப்ளிஃபயர்காரர் மாதத்தில் ஓரிரு முறை ஒயரும் வால்யூம் கன்ட்ரோலும் மாற்றுவார், அவ்வளவுதான். அவருக்கு 25 வாட் போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஈயக்கம்பியும் ஈயம் உறிஞ்சும் செப்பு வலையும் வாங்கிக்கொள்ளட்டும். இப்போதைக்குப் பணமே இல்லை என்கிற பள்ளி மாணவனுக்கும் அதே 25 வாட்தான். காத்திருக்காமல் இன்றே தொடங்கட்டும்.

வாங்குவதற்குத் திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் ரிச்சி தெருவில் நேரில் பார்ப்பது நல்லது. டி12 குழல்களில் நகல் அதிகம். ஸ்டேஷனில் செருகிச் சூடாக்கிக் காட்டச் சொல்லுங்கள். நுனியில் ஈயம் வைத்தால் முழுவதும் நனைந்து பளபளக்க வேண்டும். திட்டுத் திட்டாக விலகினால் வேறொன்று கேளுங்கள். திரும்பும் முன் அதே வகையில் ஓர் உளி பிட் உபரியாக வாங்கி வந்துவிடுங்கள். பொதட்டூர்பேட்டையில் அது கிடைக்காது, ஒரு பிட்டுக்காக மறுபடியும் ஒரு நாள் கூலியை விட்டுச் சென்னை போக வேண்டியிருக்கும்.